கால் நூல் குறைச்சல்

பூபதி அறுக்கிற சட்டம் ஒவ்வொன்றும் கால் நூல் குறைந்து வந்தது.

ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம். அதிலும் கால் பங்கு என்றால் கட்டைவிரல் நகத்தின் கனம் இருக்கும், அவ்வளவுதான். வீட்டுக்காரருக்குத் தெரியாது, விருந்தாளிக்குத் தெரியாது. ஆனால் ஜன்னல் கதவுக்குத் தெரியும். சட்டத்தின் நாக்கைத் துளைக்குள் செருகினால் கிழவர் வாயில் பல்செட் ஆடுகிற மாதிரி லொடலொடவென்று ஆடும். ஆப்பு வைக்கலாம், பசையும் மரத்தூளும் குழைத்து அப்பலாம். அதெல்லாம் பூபதி மற்றவர்கள் செய்யும்போது பார்த்துச் சிரித்த வேலை.

பூபதி அளந்தால் மறுபடி டேப்பை இழுக்க வேண்டாம் என்று மல்லசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு அவர் காதிலேயே பல தடவை விழுந்திருக்கிறது. விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நன்றாகவே கேட்டிருக்கிறார். அந்த மனிதருக்குத்தான் கார்த்திகை மாதம் வேலைக்குத் திரும்பியதிலிருந்து ஒரு சட்டமும் சரியாக வரவில்லை. வெட்டின ஓரம் கருகி வந்தது. மரம் பிளேடில் பிடித்துக்கொண்டு முனகியது. அளவு குறைந்தது.

காரணம் என்னவென்று அவருக்குத் தெரியும் என்றே நினைத்தார். புரட்டாசியில் ஆயுத பூஜை கும்பிட்ட மறுநாளே பெண்சாதி உண்ணாமலைக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மாத்திரை, அப்புறம் ஊசி, அப்புறம் சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி. ரத்தத்தில் என்னவோ இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். அதுவும் இறங்கியது, அவளும் போய்விட்டாள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

பூபதி அழவில்லை. சுடுகாட்டில் அழவில்லை, கருமாதியில் அழவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? முதலில் "அதிர்ச்சி" என்றார்கள். பிறகு "நெஞ்சழுத்தக்காரன்" என்றார்கள். உண்மை இரண்டும் இல்லை. அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை, அவ்வளவுதான். சோறு சோறாக இருந்தது. படுத்தால் தூக்கம் வந்தது. விடிந்தால் விழிப்பு வந்தது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக் கொடுக்க ஆள் இல்லை என்றதும் வெற்றிலையை விட்டுவிட்டார், அதுவும் வலிக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது உடம்பு முழுவதும். முதலில் அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. போகப் போக அந்த ஆச்சரியமும் மரத்துப் போனது.

மனசு மரத்தால் கையும் மரக்கும் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். கண் டேப்பில் ஒன்றைப் பார்க்கிறது, கை பென்சிலில் வேறொன்றைப் போடுகிறது. இல்லாவிட்டால் சட்டம் ஏன் குறைய வேண்டும்? ஆத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் தனப்பிரியா இதைக் கேள்விப்பட்டு, மாப்பிள்ளை வேலை செய்கிற ஜவ்வரிசி ஆலையில் அப்பனுக்குக் கேட் வாட்ச்மேன் வேலை பேசி வைத்துவிட்டாள். ஆலைக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். இன்று சாயங்காலம் போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தாள்.

வேலை நடக்கிற இடம் பெரியநாயகி என்கிற அம்மாளின் புது வீடு. புருஷன் போர்வெல் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். கொத்தனார் முதல் பெயிண்டர் வரை அந்த அம்மாள்தான் மேய்த்துக்கொண்டிருந்தாள். தையில் குடிபுகுகிறார்கள். ஜன்னல் கதவுகள்தான் பாக்கி. போர்டிகோவில் பூபதியின் டேபிள் சா நின்றது. மடக்குக் காலும் இரண்டு சின்னச் சக்கரமும் உள்ள மெஷின். எங்கே வேலையோ அங்கே தள்ளிக்கொண்டு போய் விரிக்கலாம். நடுவே வட்ட பிளேடு பாதி மேஜைக்கு மேலே தெரியும். பக்கத்தில் மரத்தை அணைத்துத் தள்ளுவதற்கு ஒரு நீளக் கம்பி, கைடு என்பார்கள்.

அன்று காலையில் வேங்கைச் சட்டம் ஒன்றைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதுதான் அது நடந்தது. மரம் பிளேடில் சிக்கி, ஒரு நொடி திக்கி, திரும்பிப் பாய்ந்தது. பூபதியின் இடுப்பை உரசிக்கொண்டு போய், அந்தப் பக்கம் உட்கார்ந்து கதவு கோத்துக்கொண்டிருந்த ஞானதாஸின் தலைக்கு ஒரு சாண் மேலே, அப்போதுதான் பட்டி பார்த்து வைத்திருந்த சுவரில் குத்தி விழுந்தது.

ஞானதாஸ் சேலத்துக்காரர். மாதா கோயிலுக்குப் பீடமும் பெஞ்சும் செய்து வளர்ந்த குடும்பம். பூபதியோடு சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகு சண்டை போடாத நாளும் இல்லை, பிரிந்து போன நாளும் இல்லை. சுவரில் விழுந்த குழியைத் திரும்பிப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"அண்ணா, மெஷினை நிறுத்துங்க."

பூபதி நிறுத்தினார். இன்னும் ஒரு சாண் கீழே போயிருந்தால் இந்த மனிதன் செத்திருப்பான் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர ஒன்றும் செய்யவில்லை. யாரோ பக்கத்து ஊரில் நடந்ததைச் சொல்கிற மாதிரி இருந்தது. அந்த வெறுமைதான் அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். அந்தப் பயமும் வரவில்லை.

"மெஷினை ஒருக்கா அக்குவேற ஆணிவேறயா பாத்துரலாம்ணா," என்றார் ஞானதாஸ்.

"மெஷின்ல ஒண்ணுமில்ல, தாசு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். என்ற கைதான் போயிருச்சு."

"கூடத்தை அளந்து பாத்துட்டுச் சொல்லுங்களேன். அளக்கறதுக்கு என்ன?"

பூபதி மேஜை மேல் கிடந்த தூளைத் தட்டிவிட்டார். பிறகு சொன்னார்: "சரி. பாக்கலாம். கோளாறு மெஷின்ல இருந்தா நான் இங்கியே கெடக்கறேன். மெஷின் சுத்தமா இருந்துச்சுன்னா ஆத்தூருக்குப் போறேன். அப்பறம் நீ அண்ணா நொண்ணான்னு வந்து நிக்கக் கூடாது."

"சரிங்கண்ணா," என்றார் ஞானதாஸ். சொன்ன மாத்திரத்தில் அந்த வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று அவருக்கு ஆகிவிட்டது.

மெஷின்காரர்கள் மெஷினைச் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். இங்கே தலைகீழ். ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க ஞானதாஸின் முகம் தொங்கியது.

முதலில் கரண்ட். கிணற்று மோட்டார் ரூமிலிருந்து ஒல்லி ஒயரை நீட்டி இழுத்திருந்தார்கள். இவ்வளவு தூரம் இழுத்தால் வருகிற கரண்ட் களைத்துப் போய்த்தான் வரும். மோட்டாருக்கு வேகம் இருக்காது, மரம் கருகும். ஞானதாஸ் ஆசையோடு ஒயரைச் சுருட்டிவிட்டு, வீட்டுக்குள்ளே புதிதாக வந்திருந்த கரண்ட் பெட்டியிலிருந்து தடித்த ஒயரில் இணைப்புக் கொடுத்தார். பூபதி ஒரு கழிவுத் துண்டை அறுத்தார். மோட்டார் சத்தம் கொஞ்சம் கணீரென்று வந்தது. துண்டின் ஓரம் அதே கருகல். டேப்பை வைத்தால் அதே கால் நூல் குறைச்சல்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடுத்தது பிளேடின் பல். பூபதி ஒவ்வொரு பல்லையும் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்தார். நகத்தில் வெள்ளையாகச் சீவல் வந்தது. பூஜைக்கு முன்னால்தான் சேலத்தில் சாணை பிடித்தது. பிசின் போகச் சீமெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்ததும் அவரேதான்.

"கூர் இருக்குது," என்றார்.

"இருக்குதுங்களா?" என்றார் ஞானதாஸ், யாரோ இறந்த சேதி கேட்ட மாதிரி.

அடுத்தது கைடு. முன்பக்கம் பிளேடுக்கும் கைடுக்கும் நடுவே அளந்தார்கள், பின்பக்கம் அளந்தார்கள். பின்னால் சுருங்கியிருந்தால் மரம் அங்கே நெருக்கப்பட்டுப் பாயும். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பிளேடுக்குப் பின்னால் நின்று, அறுத்த மரம் மறுபடி மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற தகட்டுக்கு நேர்கோல் வைத்தார்கள். அதுவும் வரிசையில் நின்றது.

பிளேடு நெட்டுக்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டத்தை வைத்தபோது ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. ஞானதாஸ் துள்ளினார். மெஷினைச் சாய்த்து அடியில் பார்த்தால், பிளேடு சாய்வது எங்கே நிற்க வேண்டுமோ அந்த முட்டுக்கட்டையில் மரத்தூள் கல்லாக இறுகிக் கிடந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டித் தட்டினார்கள். ஆலன் கீயால் திருகை அரைச் சுற்று திருப்பி மட்டம் பார்த்தார்கள். வெளிச்சம் மறைந்தது.

"இதாண்ணா! இதேதான்! மாதாவே!" என்றார் ஞானதாஸ்.

பூபதி மறுபடி ஒரு துண்டை அறுத்தார். ஓரம் மட்டத்துக்கு வந்துவிட்டது. கருகல் போகவில்லை. அளவும் வரவில்லை.

"ஏனுங் ஆசாரியாரே, செவத்துல இது என்னுங் குழி?" என்று கேட்டுக்கொண்டே பெரியநாயகி டீயும், ஆட்டையாம்பட்டி முறுக்கு ஒரு பொட்டலமும் கொண்டுவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் குழியை விட்டுவிட்டாள். "பொழைச்சிங்களே சாமி. கண்ணுகிண்ணு பட்டிருக்கும். ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுத்திப் போடுங்க மெஷினுக்கு."

எலுமிச்சம்பழம் என்றதும் பூபதிக்கு ஆயுத பூஜை நினைவு வந்தது. நினைவுதான் வந்தது, கூட வர வேண்டியது வரவில்லை. உண்ணாமலைக்கு அந்த ஒரு நாள் வந்துவிட்டால் வீட்டில் பொட்டில்லாத பொருள் இருக்கக் கூடாது. உளி, வாய்ச்சி, இழைப்புளி மட்டுமா? மிக்ஸிக்குப் பொட்டு, கேஸ் அடுப்புக்குப் பொட்டு, டிவி ரிமோட்டுக்குக்கூட ஒரு பொட்டு. இந்த மெஷினுக்குச் சக்கரம் இருக்கிறதே, அப்படியானால் இதுவும் வண்டிதானே என்று சொல்லி, லாரிக்கு வைப்பது போல இரண்டு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துத் தள்ளச் சொன்னாள். சுண்டைக்காய் அளவு சக்கரம் பழத்தின் மேல் ஏறவே இல்லை. பூபதி தம் கட்டித் தள்ள, பழம் தப்பித்து உருண்டோட, பக்கத்து வீட்டுச் சனம் எல்லாம் சிரித்தது. "போடி, உனக்குப் பொட்டு வெக்கறதுக்கு ஒரு சாக்கு," என்று திட்டினார். வைத்த பொட்டைத் துடைக்கவும் விடமாட்டாள். அதுவாகத் தேய்ந்து போக வேண்டுமாம். "பொட்டுக்காரி" என்றுதான் ஞானதாஸ் அவளுக்குப் பெயரே வைத்திருந்தார்.

அப்போது வாழ்ந்த மனிதன் வேறு யாரோ என்கிற மாதிரி பூபதி அதை நினைத்து, டீயைக் குடித்து முடித்தார்.

கடைசியாக ஒரே ஒரு சோதனை பாக்கி. மேஜையில் நீளவாக்கில் காடி என்கிற ஒரு சன்னப் பள்ளம் உண்டு. பிளேடு அந்தக் காடிக்கு நேராக நிற்க வேண்டும். கோணலாக நின்றால் மரத்தைப் பக்கவாட்டில் தேய்க்கும், கருக்கும். இதை அளக்க பூபதிக்கு ஒரு முறை உண்டு. ஒரே ஒரு பல்லில் சாக்பீஸ் தடவிக்கொள்வார். அந்தப் பல்லை முன்னால் வைத்துக் காடியிலிருந்து அளப்பார். அதே பல்லைப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய் அளப்பார். வேறு வேறு பல்லை வைத்தால் ஒரு பல் இந்தப் பக்கம் ஒரு பல் அந்தப் பக்கம் சாய்ந்து ஏமாற்றும். ஒரே பல் பொய் சொல்லாது. நல்ல முறைதான். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

முன்னால் அளந்தார். பின்னால் அளந்தார். மயிரளவு வித்தியாசம் இல்லை. ஞானதாஸ் டேப்பைப் பிடுங்கித் தானும் அளந்தார். அவருக்கும் அதேதான் வந்தது.

"போதும் தாசு."

"இன்னும் மோட்டார் இருக்குதுண்ணா. பெல்ட்டு இருக்குது. பேரிங்…"

"போதும்னு சொல்றேன். மெஷின் பச்சைப் புள்ளையாட்டம் சுத்தமா இருக்குது. மனுசன்தான் கெட்டுட்டான்." பூபதியின் குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை வேண்டாம் என்று சொல்லியனுப்பியதைத் தரகர் வந்து சொல்வதுபோலச் சொன்னார். "இதை நீயே வெச்சுக்க. எனக்கு இனி எதுக்கு? கேட்டுல உக்காந்துக்கிட்டு லாரி நெம்பரையா அறுக்கப் போறேன்?"

ஞானதாஸுக்குத்தான் கண் கலங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் பட்ட குழியைப் பார்க்கிற மாதிரி நின்றார்.

கைமாறிப் போகிற மெஷினில் பிளேடை மாட்டியபடி கொடுக்கக் கூடாது என்பது பூபதியின் வழக்கம். ஏற்றி இறக்கும்போது எவன் கையையாவது கிழிக்கும். ஸ்பேனரை எடுத்து வந்தார். நட்டைப் பிடிக்கத் தோதாக வர வேண்டும் என்று பிளேடைக் கையால் மெதுவாகச் சுற்றினார். மூலைமட்டத்தை அவர் மேஜையில் வைத்தபடியே விட்டிருந்தார். அதன் இரும்பு நுனி பிளேடுக்கு மிக அருகில் இருந்தது.

டிக்.

பூபதி சுற்றிக்கொண்டே இருந்தார்.

டிக்.

"அண்ணா," என்றார் ஞானதாஸ், திரும்பாமலே. "அது என்ன சத்தம்?"

"பல்லு மட்டத்துல படுது."

"எல்லாப் பல்லும் படுதுங்களா, ஒரு பல்லு படுதுங்களா?"

பூபதியின் கை நின்றது. மறுபடி சுற்றினார், இந்த முறை குனிந்து பார்த்தபடி. சாக்பீஸ் தடவிய பல் வந்தது. மட்டத்துக்கும் அதற்கும் நடுவே வெளிச்சம். பாதிச் சுற்று போனது. எதிர்ப்பக்கத்துப் பல் வந்து மட்டத்தை உரசியது. டிக். மறுபடி வெளிச்சம். மறுபடி டிக். பிளேடு வட்டமாகச் சுற்றவில்லை; திருவிழாவில் தட்டு சுற்றுகிறவன் விரலில் தட்டு ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டு சுற்றியது. அப்படி ஆடினால் தன் கனத்தைவிட அகலமாகத்தான் மரத்தைத் தின்னும். தின்றது கால் நூல்.

ஒரே பல்லை வைத்து அளக்கிறவருக்கு இது எந்தக் காலத்தில் தெரியும்? அந்த ஒரு பல் முன்னாலும் அதே இடத்தில்தான் நிற்கும், பின்னாலும் அதே இடத்தில்தான் நிற்கும். பூபதியின் நல்ல முறைதான் இத்தனை நாளும் அவர் கண்ணைக் கட்டி வைத்திருந்தது.

"கூடமே கோணலுங்கண்ணா!" ஞானதாஸ் கத்திய கத்தலில் மாடியில் இருந்த பெயிண்டர் எட்டிப் பார்த்தார்.

பூபதி ஸ்பேனரைப் போட்டார். நட்டைக் கழற்றினார். வெளி வாஷரை எடுத்தார். பிளேடை உருவினார். பிளேடு போய்ச் சாய்ந்து நிற்கிற உள் வாஷர், மோட்டார்த் தண்டோடு சேர்ந்த வட்டத் தட்டு, முகம் காட்டியது. அந்தத் தட்டின் விளிம்பு மட்டும்தான் பிளேடைத் தொடும். நடுவே சற்றுக் குழிவாக இருக்கும். விளிம்பில் பாதியும் குழிவில் பாதியுமாக ஒரு பொட்டு.

சந்தனம். அதன் மேல் குங்குமம். விளிம்பில் இருந்த பாதி பிளேடின் இறுக்கத்தில் நசுங்கிச் சுண்ணாம்புக் காரை போலக் கெட்டியாகியிருந்தது. குழிவில் இருந்த பாதியை எதுவும் தொடவில்லை. அது வைத்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. குங்குமத்தின் சிவப்பு மங்கவில்லை. மோதிர விரலின் ரேகை, வளைவு வளைவாக, எண்ணலாம் போலத் தெளிவாக இருந்தது.

பூஜையன்று பிளேடைக் கழற்றித் தேய்த்து வாழை இலையில் வைத்திருந்தார். பிளேடு இல்லாத மெஷினில் பளபளவென்று இந்தத் தட்டு தெரிந்திருக்கும். மெஷினுக்கு நெற்றி இதுதான் என்று அவள் நினைத்திருப்பாள். மறுநாள் இருட்டுகிற நேரத்தில் அவர் பார்க்காமலே, கைப்பழக்கத்தில் பிளேடை மாட்டி இறுக்கினார். உள்ளேயிருந்து அவள் தலை வலிக்கிறது என்றாள். அதற்குப் பிறகு அவர் மெஷினைத் தொட்டது கார்த்திகையில்தான்.

ஞானதாஸுக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. வாய் திறந்து "பொட்டுக்காரி" என்று சொல்ல வந்தவர் சொல்லவில்லை. கழிவுத் துணியைச் சீமெண்ணெயில் நனைத்து வைத்திருந்ததை நீட்டவா, மறைக்கவா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பூபதி துணியை வாங்கவில்லை. தன் பெட்டியிலிருந்து இருப்பதிலேயே சின்ன உளியை எடுத்தார். விளிம்பில் ஒட்டியிருந்ததை மட்டும், தட்டில் கீறல் விழாமல், சிறுகச் சிறுகச் சுரண்டினார். பொடியாக உதிர்ந்ததை ஊதினார். விரலால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தார், வழவழவென்று இருந்தது. குழிவில் இருந்த பாதியை அப்படியே விட்டார். அது அங்கே இருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. பிளேடு அதைத் தொடாது.

பிளேடை மாட்டி, நட்டை இறுக்கி, கையால் சுற்றினார். மட்டத்துக்கும் பல்லுக்கும் நடுவே இருந்த வெளிச்சம் அசையாமல் ஒரே அளவில் நின்றது. பிளக்கைச் செருகி ஒரு சட்டத்தை அறுத்தார். மரம் முனகாமல் போனது. ஓரம் வெள்ளையாக, இழைப்புளி போட்ட மாதிரி வந்தது. ஞானதாஸ் அதை ஓடிப் போய் ஜன்னல் கதவின் துளையில் செருகினார். உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். போய் உட்கார்ந்துகொண்டது. ஆட்டினார், அது ஆடவில்லை.

"அண்ணா, உங்க கை எங்கியும் போகல," என்றார்.

"ம்," என்றார் பூபதி. சந்தோஷம் வரும் என்று ஒரு ஓரத்தில் காத்திருந்தார். அதுவும் வரவில்லை. இன்னும் சில சட்டங்களை அறுத்தார். எல்லாம் சரியாக இருந்தன.

வெயில் போர்டிகோவை விட்டு இறங்குகிற நேரத்தில் போன் அடித்தது. மெஷினை நிறுத்திவிட்டு, மேல்துண்டால் தூசியைத் தட்டிக்கொண்டே எடுத்தார்.

"அப்பா, என்னப்பா முடிவு பண்ணுன? அவங்க கேக்கறாங்க. இங்க வந்துடுப்பா, நான் பாத்துக்கறேன்."

"வாரலீங் சாமி. ஆலைக்காரங்களுக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லீரு."

"ஏம்ப்பா? நீதான கை போச்சுன்ன?"

"கையெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கோளாறு மெஷின்ல."

"என்ன கோளாறு?"

"என்ன கோளாறா?" பூபதியின் குரல் ஏறியது. ஞானதாஸ் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குரலைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. "எல்லாம் உங்கம்மா பண்ணுன வேலை. பொட்டு வெக்கறதுக்கு அவளுக்கு வேற எடமே இல்ல பாரு. உள்ள, பிளேடு உக்கார்ற எடத்துல, யாராச்சும் சந்தனத்தை அப்புவாங்களா? ரெண்டு மாசமா நான் பைத்தியக்காரனாட்டம் அளந்துக்கிட்டுக் கெடக்கறேன். இன்னைக்கு தாசு மண்டை பொளந்திருக்கும். சொன்னா மட்டும் கேப்பாளா? ரிமோட்டுக்கே பொட்டு வெக்கறவ. இரு, இப்ப ஊட்டுக்குப் போயி அவளை நாலு கேள்வி கேக்கோணும்…"

வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது.

திட்டுவதற்காக அவர் இழுத்த மூச்சு பாதி நெஞ்சிலேயே நின்றது. வீட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது. பூட்டின வீட்டுக்குள் போய் யாரைக் கேட்பது? அவள் செத்துப் போய்விட்டாள் என்று ஊரே வந்து சொன்னது, டாக்டர் சொன்னார், நெருப்பு வைத்த தன் கையே சொன்னது. அப்போதெல்லாம் தெரியாதது அந்த நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்தது.

"அப்பா," என்றாள் தனப்பிரியா. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

பூபதி மெஷின் மேஜையைப் பிடித்துக்கொண்டார். மேஜை ஆடியது; ஆடியது அவர்தான். "உண்ணாமல…" என்று ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம் வந்தது பேச்சில்லை. மாடியில் இருந்த பெயிண்டர் பிரஷ்ஷை நிறுத்தினார். டீ டம்ளர் எடுக்க வந்த பெரியநாயகி வாசலிலேயே நின்றுவிட்டாள். நடு போர்டிகோவில், மரத்தூளின் மேல் உட்கார்ந்து, அந்த மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார்.

ஞானதாஸ் கிட்டே போகவில்லை. போன் இன்னும் பூபதியின் கையில் இருந்தது, மகளின் குரல் அதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. ஞானதாஸ் மெஷினைச் சுற்றிக்கொண்டு போய் பிளக்கைப் பிடுங்கினார். பிளேடின் மேல் மூடியை இறக்கி வைத்தார். பிறகு சீமெண்ணெய்த் துணியைச் சுருட்டி, தூரமாக வீசினார்.